கூடையைத் திரும்பிப் பாராத கைகள்



சில ஆண்டுகளுக்கு முன்னர், டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றின் சிற்றாலயத்தில் என் சகோதரியின் பேரக்குழந்தைக்கு ஞானஸ்நானம் நடைபெற்றது. குடும்பத்தில் கமரா வைத்திருப்பவன் என்பதால் படமெடுக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. குருவானவர் குழந்தையின் நெற்றியில் நீரை வார்த்த நொடியைப் படமாக்கினேன். உடனே தலையைக் குனிந்து, படம் சரியாக வந்திருக்கிறதா என்று கமராவின் பின்புறத் திரையில் பார்த்தேன். சற்று மங்கலாக இருப்பதுபோல் தோன்றியது. பெரிதாக்கிப் பார்த்தேன். முந்திய படத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தேன். மீண்டும் தலை நிமிர்ந்தபோது, ஆலயத்தில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது என்னவென்று பின்னர்தான் அறிந்தேன். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்து, முதுமையில் பார்வை மங்கிப்போன குழந்தையின் பூட்டி, பிறர் கைத்தாங்கலாக முன்னே வந்திருக்கிறார். விரல்களால் குழந்தையின் முகத்தைத் தடவி அறிந்து, நெற்றியில் முத்தமிட்டு, காதில் ஏதோ மெல்லச் சொல்லியிருக்கிறார். அடுத்த நத்தாருக்கு அவர் எங்களுடன் இல்லை. அந்த முத்தத்தின் படம் எங்கள் குடும்பத்தில் எவரிடமும் இல்லை. படம் இல்லாததைவிட என்னை வருத்துவது வேறொன்று. ஐந்தடி தூரத்தில் நின்ற நான் அதைக் கண்ணாலும் காணவில்லை. அந்த வேளையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது, ஏற்கெனவே முடிந்துபோன ஒரு நொடியை.

வாசகர்களே, இது என் ஒருவனுடைய குறை மட்டுமல்ல என்றே எண்ணுகிறேன். இன்று ஒவ்வொருவர் கையிலும் கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. ஒவ்வொரு தொலைபேசியிலும் கமரா இருக்கிறது. ஒரு படம் எடுத்தால், அடுத்த நொடியே அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் நம்மைப் பற்றிக்கொள்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளின் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் இப்பழக்கத்திற்குக் கேலியாக ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். திரையைப் பார்த்து "ஊ, ஆ" என்று வியக்கும் மனிதரைச் சிம்பன்சிக் குரங்குக்கு ஒப்பிட்டு, அதனைச் 'சிம்பிங்' என்பார்கள். சிரித்துவிட்டுப் போகக்கூடிய பெயர்தான். ஆனால் அந்தக் குனிந்த தலைக்கு நாம் கொடுக்கும் விலையைச் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இந்த ஆவல் எப்போது வந்தது?

கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் 1975 இல் முதலாவது டிஜிட்டல் கமராவை உருவாக்கினார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 விநாடிகள் ஆயின. பதிந்த படத்தைக் காண வேறொரு கருவியும் தொலைக்காட்சிப் பெட்டியும் தேவைப்பட்டன. 1995 இல் காசியோ நிறுவனம் விற்பனைக்கு விட்ட கியூவி-10 என்ற கமராவின் பின்புறத்தில், எடுத்த படத்தை அங்கேயே காட்டும் சிறு திரை இருந்தது. அதன் பின்னர் அத்திரை கமராவின் பிரிக்க முடியாத உறுப்பாகிவிட்டது.

அதற்கு முந்திய காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஒரு சுருளில் 36 படங்கள். தோட்டத்துக் குடும்பத்தில் அச்சுருள் எளிதில் தீர்ந்துவிடாது. நத்தாருக்குத் தொடங்கிய சுருள், தைப்பொங்கலையும் கண்டு, உயிர்த்த ஞாயிறு வரை கமராவுக்குள்ளேயே கிடக்கும். பின்னர் யாராவது நகரத்திற்குப் போகும்போது ஸ்டூடியோவில் கொடுத்து வருவார்கள். படங்கள் கைக்கு வரும் நாளில் லயத்தின் வாசலில் எல்லோரும் கூடுவார்கள். கண் மூடியிருப்பவர், பாதித் தலை வெட்டுப்பட்டவர், ஆடிப்போனதால் இரண்டாகத் தெரிபவர் என எல்லாப் பிழைகளும் சிரிப்புடன் வரவேற்கப்படும். இரண்டொருவர் அதற்குள் ஊரைவிட்டோ உலகைவிட்டோ போயிருப்பார்கள். அப்போது அந்தப் பிழையான படத்திற்கும் கண்ணீர் வரும்.

அக்காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வீணான சுருள்களும், கழுவும்போது கெட்டுப்போன திருமணப் படங்களும் அன்று உண்டு. தன் பிழையை உடனே காணும் வசதி, படமெடுக்கப் பழகுபவருக்கு ஒரு நல்ல ஆசிரியர். அந்த ஆசிரியர் எந்நேரமும் நம் தலையைப் பிடித்துக் கீழே குனிய வைக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

நம் மலைநாட்டில் இது இன்னும் கடுமையானது. சிவனொளிபாதமலையில் சூரியன் எழும்போது, மேற்குப் புறத்தில் மலையின் முக்கோண நிழல் விழுகிறது. இரவெல்லாம் படியேறியவர்களுக்கு அக்காட்சி சில நிமிடங்களே கிடைக்கும். ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவில், காலை ஒன்பது பத்து மணியளவில் கீழிருந்து மேகம் ஏறிப் பள்ளத்தாக்கை மூடிவிடுவது வழக்கம். தலவாக்கலைச் சாலையில் சென் கிளயார் நீர்வீழ்ச்சியின் மேல் விழும் வெயில், முகில் ஒன்று நகர்ந்தால் போய்விடும். இங்கே ஒளி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. குனிந்த தலை நிமிர்வதற்குள் மலை மறைந்துவிடுகிறது.

பொகவந்தலாவையில் உறங்கும் ஒரு படப்பிடிப்பாளர்

பொகவந்தலாவையில் உள்ள தூய மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், உலகப் புகைப்படக் கலை வரலாற்றில் பெயர் பெற்ற ஒரு பெண்மணி உறங்குகிறார். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். பாடசாலை வரலாற்றுப் பாடத்தில் நாம் படித்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் சார்ள்ஸ் ஹே கமரன் இவருடைய கணவர். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் இருவரும் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்தார்கள். அவர் 1879 ஜனவரி 26 ஆம் திகதி டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்து அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அம்மையாருக்கு முதன்முதலில் கமரா கிடைத்தது 48 ஆவது வயதில். 1863 டிசெம்பரில் மகளும் மருமகனும் அதைப் பரிசாகக் கொடுத்தார்கள். அக்காலத்தில் படமெடுப்பது கடினமான வேலை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைத் திரவத்தை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவில் இட்டுப் படமெடுத்து, ஈரம் காயுமுன்னரே இருட்டறையில் கழுவி முடிக்க வேண்டும். பின்னர் அத்தகட்டைத் தாளின் மேல் வைத்து, வெயிலில் காயவிட்டுப் படத்தைப் பெற வேண்டும். ஆகவே எடுத்ததை உடனே பார்ப்பது அவருக்கு விருப்பத்தினால் வந்ததன்று. வேலையின் கட்டாயத்தினால் வந்தது.

தம் முதற் படத்திற்கு நேர்ந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஈரம் மாறாத தகட்டின் மேற்பரப்பில் கை உரசியதால், அப்படம் அழிந்தே போயிற்றாம். அதன்பின் 1864 ஜனவரியில் அனி பில்பொட் என்ற சிறுமியைப் படமெடுத்தார். அதுவே அவர் தம் முதல் வெற்றி என்று கொண்டாடிய படம். அந்த வெற்றியைக் கண்டதும் அவர் செய்தது என்ன தெரியுமா? அந்தக் குழந்தைக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று வீடு முழுவதும் ஓடித் தேடினாராம். அந்தப் படத்தை முழுவதும் அக்குழந்தையே உண்டாக்கியதுபோல் தமக்குத் தோன்றியது என்று அவர் எழுதுகிறார். அன்றைய இரவுக்குள்ளேயே படத்தைச் சட்டமிட்டுச் சிறுமியின் தந்தைக்கு அளித்தும்விட்டார்.

வாசகர்களே, இங்கே சற்று நிற்போம். அவரும் படத்தை உடனே பார்த்தார், நாமும் பார்க்கிறோம். அவர் பார்த்ததும் குழந்தையிடம் ஓடினார். நாம் பார்த்ததும் என்ன செய்கிறோம்? நம் திறமையை மெச்சுகிறோம், அல்லது நம் பிழையை நொந்து மீண்டும் ஒன்று எடுக்கிறோம். எதிரே நின்றவர் நம் நினைவிலிருந்தே நழுவிவிடுகிறார்.

இலங்கையில் அம்மையார் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே இன்று அறியப்படுகின்றன. களுத்துறையில் அவர் எடுத்த குடியானவர்களின் படங்களும் அவற்றுள் அடங்கும். அவற்றில் நம்மை நேராக நோக்கும் முகங்கள் பலவற்றுக்குப் பெயர் எழுதி வைக்கப்படவில்லை. அனி பில்பொட்டின் பெயர் உலகமெங்கும் தெரிகிறது. எங்கள் மண்ணில் கமராவுக்கு முன் நின்றவர்களின் பெயர் தெரியவில்லை. அன்று அவர்களிடம் பெயர் கேட்டு எழுதுவது எவருக்கும் முக்கியமாகத் தோன்றவில்லை போலும்.

இன்றும் நுவரெலியாச் சாலையில் வாகனங்கள் நிற்கின்றன. ஒருவர் இறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படமெடுக்கிறார். உடனே திரையை நோக்கிக் குனிகிறார். முகத்தில் மகிழ்ச்சி. திரையைப் பார்த்தபடியே வாகனத்தில் ஏறிப் போய்விடுகிறார். சிரித்துக்கொண்டு நின்ற அந்தத் தாய், தன் படம் எப்படி வந்தது என்று அறியாமலே நிரைக்குத் திரும்புகிறார். ஒரு நன்றிச் சொல்லுக்கு எடுக்கும் நேரத்தைத் திரை எடுத்துக்கொண்டது.

ஆய்வாளர் கண்டவை

அமெரிக்காவின் ஃபெயார்ஃபீல்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அருங்காட்சியகத்திற்குச் சென்றவர்களிடம் சில பொருட்களைப் பார்க்க மட்டும் சொன்னார்; சிலவற்றைப் படமெடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருட்களைவிடப் பார்க்க மட்டும் செய்த பொருட்களே அவர்களுக்கு நன்கு நினைவிருந்தன. ஆனால் ஒரு பொருளின் ஏதேனும் ஒரு பகுதியை உற்றுநோக்கி, அதை அருகாக்கிப் படமெடுத்தபோது இந்தக் குறை காணப்படவில்லை. 2017 இல் வேறு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இன்னொன்றையும் காட்டிற்று. தாமாக விரும்பிப் படமெடுத்தவர்களுக்குக் கண்டவை அதிகம் நினைவிருந்தன. கேட்டவை குறைவாகவே நினைவிருந்தன.

இவை படமெடுப்பதைப் பற்றிய ஆய்வுகளேயன்றி, எடுத்ததை உடனே திரும்பிப் பார்ப்பதைப் பற்றியவை அல்ல. எனினும் நமக்கு ஒரு பாடம் உண்டு. கமரா நினைவின் எதிரி அன்று. கவனம் எங்கே இருக்கிறதோ அங்கேயே நினைவும் இருக்கிறது. பூட்டி அன்று குழந்தையின் காதில் என்ன சொன்னார்? அருகில் நின்ற என் சகோதரிக்குத் தெரியும். தம் தாயின் பெயரைச் சொல்லி, அவளைப்போல் திடமாக இரு என்றாராம். எனக்கு அது கேள்விச் செய்தி. அவருக்கு அது வாழும் நினைவு.

மலையில் படிக்கும் பாடம்

இந்த ஆவலை அடக்கும் வழியைத் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. காலையில் ஏதேனும் ஒரு தேயிலை மலையின் ஓரத்தில் நின்று பாருங்கள். நிரையில் நிற்கும் பெண்ணின் இரு கைகளும் செடியின் மேல் ஓடுகின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து ஒடிகிறது. கை நிறைந்ததும், தோளுக்கு மேலாகப் பின்னால் தொங்கும் கூடைக்குள் போகிறது. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கூடை எவ்வளவு நிறைந்தது என்று ஒவ்வொரு பிடிக்கும் இறக்கிப் பார்த்தால் நிரை என்னாவது? அவருடைய கண் எப்போதும் அடுத்த செடியில் இருக்கிறது.

அவருக்குக் கூடையைப் பற்றிக் கவலை இல்லையா? நம் எவரையும்விட அதிகம் உண்டு. அன்றைய சம்பளம் அதன் நிறையில் தங்கியிருக்கிறது. பிள்ளைகளின் சாப்பாடும் புத்தகமும் அதில் தங்கியிருக்கின்றன. ஆனாலும் அவர் அறிவார்: நிறுக்க ஒரு நேரம் உண்டு, பறிக்க ஒரு நேரம் உண்டு. மடுவத்தில் கணக்கப்பிள்ளை தராசில் நிறுக்கும்போது அவர் கண் இமைக்காமல் முள்ளைப் பார்ப்பார். தவறிச் சேர்ந்த முற்றல் இலையை அங்கே பொறுக்கி எறிவார். மலையில் நிற்கும்போது அவர் மலையில் நிற்கிறார். மடுவத்தில் நிற்கும்போது மடுவத்தில் நிற்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எது கொழுந்து, எது முற்றல் என்பதை அவர் ஒடிப்பதற்கு முன்னரே பார்த்துவிடுகிறார். பார்வை முன்னால் இருப்பதனால், பின்னால் திரும்பும் தேவை குறைகிறது. படமெடுப்பவருக்கும் இதுவே நல்ல வழி. பொத்தானை அழுத்துவதற்கு முன் நன்றாகப் பார்க்காதவர்தான், அழுத்திய பின் பலமுறை பார்க்க வேண்டியிருக்கிறது.

மலையை மூடிய மேகம்

நற்செய்தி நூல்களிலும் ஒரு மலை வருகிறது. அந்த மலையையும் மேகம் மூடுகிறது. இயேசு பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் அழைத்துக்கொண்டு மலைமேல் ஏறினார். அங்கே அவருடைய முகம் சூரியனைப்போல் ஒளிர்ந்தது. மோசேயும் எலியாவும் தோன்றி அவருடன் பேசினார்கள். மனிதர் எவரும் கண்டிராத காட்சி. பேதுரு என்ன செய்தார்? அங்கே மூன்று கூடாரங்களை அமைக்கலாம் என்று பேசத் தொடங்கினார். அந்த நொடி கைவிட்டுப் போகாமல் அதை எங்கேயாவது அடைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு அது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேகம் வந்து மூடிக்கொண்டது.

பேதுருவைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. அவர் கையில் கமரா இருந்திருந்தால் அவரும் குனிந்து திரையைத்தான் பார்த்திருப்பார்! ஆனால் மேகம் விலகிய பின் அம்மூவருக்கும் மிஞ்சியது எது? ஒளியும் இல்லை, கூடாரமும் இல்லை. இயேசு ஒருவரே அவர்கள் அருகில் நின்றார். காட்சி போய்விட்டது, ஆள் இருந்தார். மலையிலிருந்து இறங்கும்போது, தாம் உயிர்த்தெழும்வரை கண்டதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவர் கட்டளையிட்டார். சில காட்சிகளுக்குக் காத்திருப்பு வேண்டும். அன்று அவர்களுக்கு விளங்காத காட்சி, சிலுவையையும் வெறுமையான கல்லறையையும் கண்ட பின்னரே விளங்கிற்று. பெத்லகேமில் மேய்ப்பர்கள் வந்து சொன்னவற்றையெல்லாம் மரியாளும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். உள்ளத்தில் வைப்பதற்கு முதலில் உள்ளம் அங்கே இருக்க வேண்டும்.

இவ்வாரம் செய்து பார்க்கலாமே

அன்பர்களே, இது கமராவைத் தூக்கியெறியச் சொல்லும் கட்டுரை அல்ல. சிறு ஒழுங்குகள் போதும்.

ஒரு நிகழ்வின் தொடக்கத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒளி சரிதானா, மூடுபனி வில்லையில் படிந்திருக்கிறதா, மின்கலம் போதுமா என்பதை அப்போதே சரிபார்த்துவிடுங்கள். அதன்பின் திரையை விட்டுவிடுங்கள். எடுத்த படத்தைத் தானாகவே திரையில் காட்டும் ஏற்பாட்டை நிறுத்திவைக்கும் வசதி பெரும்பாலான டிஜிட்டல் கமராக்களில் உண்டு. தொலைபேசியாயின், படமெடுத்ததும் சட்டைப் பையில் வைப்பதே எளிய வழி. ஒளி மாறினால், இடம் மாறினால், மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பதில் தவறில்லை.

நின்ற இடத்திலேயே எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். வெயிலில் சிறு திரை சரியாகத் தெரியாது. அவசரத்தில் நல்லதையும் அழித்துவிடுவோம். இன்று பிழையாகத் தெரியும் முகம், நாளை நம்மிடம் எஞ்சும் ஒரே முகமாகவும் இருக்கலாம். புகையிரத மிதிபலகையிலும் நீர்வீழ்ச்சியின் வழுக்குப் பாறையிலும் நின்றுகொண்டு திரையைப் பார்ப்பதோ உயிருக்கே ஆபத்து.

ஒரு விதிவிலக்கை மட்டும் மறவாதீர்கள். நீங்கள் படமெடுத்தவர், "எப்படி இருக்கு, காட்டுங்க" என்று கேட்டால் தயங்காமல் காட்டுங்கள். லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்தால், குனிந்து அவர்கள் உயரத்திற்கு வந்து காட்டுங்கள். அது அவர்களுடைய முகம். அதைக் காணும் உரிமை அவர்களுக்கே முதலில் உண்டு. பெயரைக் கேளுங்கள். கொடுப்பதாகச் சொன்ன படத்தைக் கொடுத்துவிடுங்கள். தனியே குனிந்து பார்ப்பது நம்மைப் பிறரிடமிருந்து பிரிக்கிறது. சேர்ந்து குனிந்து பார்ப்பது நம்மைப் பிறரோடு சேர்க்கிறது.

மாலையில் வீடு திரும்பி, தேநீர் அருந்தியபடி குடும்பத்தவருடன் அமர்ந்து அன்றைய படங்களைப் பாருங்கள். அதுவே நமது மடுவம். அங்கே நிறுக்கலாம், பொறுக்கலாம், சிரிக்கலாம்.

நாம் செய்த நன்மையையும் செபத்தையும்கூட உடனே திரையில் பார்த்துவிடத் துடிக்கிறோமல்லவா? பலித்ததா, பிறர் பாராட்டினார்களா, கூடை நிறைந்ததா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம். நிறுக்கும் வேளையை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கூடையை விட்டுவிட்டு, எதிரே இருக்கும் செடியை, எதிரே இருக்கும் முகத்தை நாம் நோக்குவோம்.

அடுத்த முறை ஒரு குழந்தையின் நெற்றியில் நீர் விழும்போது, ஒரு முதியவர் தடுமாறி முன்னே வரும்போது, உங்கள் தலை நிமிர்ந்திருக்கட்டும். ஆண்டவர் நம் கண்களைத் திறந்து வைப்பாராக.